பாட்டு முடிந்தபின் இரண்டரை நிமிடம்

ஜூலை 1, திங்கள்

புது ஒலிக்கலவை வேலை, புது நோட்டு. ஒவ்வொரு ஆல்பத்துக்கும் ஒரு நோட்டுப் போட்டு, அன்றன்றைக்கு எதைக் கூட்டினேன், எதைக் குறைத்தேன் என்று எழுதிவைப்பது என் வழக்கம். இன்றைக்குத் தேனாகக் கேட்ட சத்தம் நாளைக் காலையில் கண்றாவியாக இருக்கும். எங்கே கோளாறு பண்ணினேன் என்று தேட எழுத்து வேண்டும். உலகம்மாளுக்கு இது கேலி. அங்கன்வாடியில் அவள் எழுதுகிற ரெஜிஸ்டரைவிட என் நோட்டு தடிமனாக இருக்கிறதாம். கட்டிக்கொண்டவளே இப்படிச் சொன்னால் ஊரான் என்ன சொல்ல மாட்டான்.

வேலை கொண்டுவந்தவர் பெயர் சங்கரபாண்டியன். ஆற்றுக்கு அக்கரை ஊரில் சிமெண்டுக் கடை வைத்திருக்கிறார். அவர்கள் ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழா முப்பதாம் தேதி. அம்மன் பேரில் எட்டுப் பாட்டு அவரே எழுதி, கீபோர்டு, தவில், உடுக்கை எல்லாம் மதுரையில் பதிவு செய்து வைத்துவிட்டார். பாடுவது அவர் சம்சாரம் மாரிச்செல்வி. குரலை மட்டும் வீட்டிலேயே பதிவு செய்கிறார்கள். பெண்பிள்ளை ஸ்டுடியோவில் நாலு ஆம்பிளைகளுக்கு நடுவில் நிற்பதில் அவருக்கு இஷ்டமில்லையாம்.

வீட்டில் எப்படிப் பதிவு செய்வது என்று போன மாதம் போனில் சொல்லிக் கொடுத்தது நான்தான். பீரோவைத் திறந்து வைத்து, தொங்குகிற சேலைகளைப் பார்த்து நின்று பாடச் சொன்னேன். துணி எதிரொலியைக் குடித்துவிடும். மின்விசிறி ஓடக்கூடாது, ஃபிரிட்ஜ் ஓடக்கூடாது. "கொசு பறந்தாலும் எனக்குக் கேட்டுரும், பாத்துக்கிடுங்க" என்று பீற்றியும் கொண்டேன். அந்தப் பக்கம் ஸ்பீக்கரில் போட்டிருந்தார் போல. "சரிண்ணே" என்று ஒரு பெண் குரல் தூரத்திலிருந்து வந்தது.

சங்கரபாண்டியன் அதிர்ந்து பேசாத மனிதர். செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டு மாடி ஏறி வந்தார். என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறார். அவருக்கு மூன்று விஷயம் வேண்டும். ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழ வேண்டும். கருவறைக்குள் நின்று பாடுகிற ஆழம் வேண்டும். பாக்ஸில் போட்டால் மூன்று தெருவுக்குக் கேட்க வேண்டும். இந்த மூன்றையும் ஒன்றாகக் கேட்காத ஆள் கிடையாது. ஒன்றைத் தூக்கினால் இன்னொன்று படுத்துவிடும் என்பதைச் சொன்னால் கேட்கிற ஆளும் கிடையாது. சரி என்றேன். எதுவானாலும் தன்னிடம்தான் கேட்க வேண்டும் என்றார். அவளிடம் போன் கிடையாதாம்.

முதல் நாலு பாட்டு பென் டிரைவில் இருக்கிறது.

ஜூலை 3, புதன்

இன்றைக்குச் சுத்தம் செய்யும் வேலை. எந்தக் குரல் வந்தாலும் நான் முதலில் செய்வது இதுதான். பாடாத இடத்தை எல்லாம் வெட்டி எறிவேன். வரிக்கும் வரிக்கும் நடுவில் செருமல், வளையல் சத்தம், எச்சில் விழுங்குவது எல்லாம் இருக்கும். அதையெல்லாம் வைத்துக்கொண்டு மேலே சத்தத்தைக் கூட்டினால் குப்பையும் சேர்ந்து கூடும். தெளிவு என்பது பாதி இந்த வெட்டில்தான் இருக்கிறது.

குரல் நல்ல குரல். கட்டையான குரலில் கொஞ்சம் மணல் கலந்தாற்போல் இருக்கிறது. ஆனால் இந்தப் பெண்ணுக்குப் பாடி முடித்ததும் நிறுத்தத் தெரியவில்லை. நாலு பாட்டிலும் பாட்டு முடிந்து இரண்டரை நிமிடம் சும்மா ஓடவிட்டிருக்கிறாள். ஒரு இடத்தில் ஏதோ முணுமுணுப்பு. பக்கத்து வீட்டு டிவியாக இருக்கும். நாலு பாட்டிலும் அந்த மிச்ச வாலை வெட்டினேன்.

ஜூலை 4, வியாழன்

கரண்ட் இல்லை. காதுக்கு லீவு.

ஜூலை 6, சனி

ஆழத்துக்கான வேலை. ஆழம் என்றால் எல்லாவற்றிலும் எதிரொலியை ஊற்றுவது இல்லை. எது முன்னால் நிற்கிறது, எது பின்னால் நிற்கிறது என்று காதுக்குத் தெரிய வேண்டும். தவிலைப் பக்கவாட்டில் தள்ளி, கீபோர்டைப் பின்சுவரில் ஒட்டி, குரலை வறட்சியாக முன்னால் நிறுத்தினேன். மூன்றாவது பாட்டில் கடைசி வரி, "தாயே நீ வருவாயே" என்று முடிகிறது. அங்கே மட்டும் ஒரு நீளமான எதிரொலி வைத்துப் பார்த்தேன். குரல் உள்ளே உள்ளே போய் ஒரு பெரிய மண்டபத்தில் கரைந்தது. எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. யாரும் சொல்லிச் செய்யவில்லை. இதெல்லாம் கையில் வருகிற வித்தை.

சாம்பிளைச் சங்கரபாண்டியனுக்கு அனுப்பினேன். அரை மணி நேரத்தில் போன் வந்தது. வீட்டுக் கூடத்தில் பாக்ஸில் போட்டு எல்லாரும் கேட்டார்களாம். அந்தக் கடைசி வரி வந்தபோது மாரிச்செல்விக்குக் கண் கலங்கிவிட்டதாம். "அடுக்களையிலேருந்து ஓடி வந்து இன்னொரு வாட்டி போடச் சொன்னா அண்ணாச்சி. எதையும் கேக்காதவ" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

உலகம்மாளும் கேட்டாள். "பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தப் புள்ள பயந்துக்கிட்டு பாடுத மாதிரி இருக்கு" என்றாள். பக்தியில் குரல் நடுங்கும், உனக்கு என்ன தெரியும் என்று வாயை அடைத்துவிட்டேன்.

ஜூலை 13, சனி

அயிரை மீன் குழம்பு. உண்ட மயக்கத்தில் நாலு மணி வரை தூக்கம். வேலை ஒன்றுமில்லை, மீதிப் பாட்டு இன்னும் வந்துசேரவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

சங்கரபாண்டியன் வந்தார். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டார். மாரிச்செல்வி சனிக்கிழமை கொல்லைப் படியில் வழுக்கி விழுந்துவிட்டாளாம். கையில் கட்டுப் போட்டிருக்கிறதாம். அப்படியும் கொடைக்கு நேர்ந்துகொண்ட பாட்டு என்று நின்று பாடிக் கொடுத்துவிட்டாளாம். இதைச் சொல்லும்போது அவர் என் கீபோர்டு மேலிருந்த தூசியை விரலால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

குரல் கெட்டுப்போயிருக்கிறது. முன்பு ஒரே மூச்சில் பாடிய நீளத்தை இப்போது மூன்று மூச்சில் பாடுகிறாள். அதைவிட மோசம், சொல் தெளியவில்லை. 'ப' வருகிற இடம், 'ம' வருகிற இடம் எல்லாம் மழுங்குகிறது. "அம்மா" என்ற சொல்லில் உதடு முழுசாக ஒட்டவே இல்லை. அம்மன் பாட்டில் அம்மா தெளியாவிட்டால் நான் என்ன கிழிக்கிறது? ட்ரெபிளைக் கூட்டினேன். 'ச' எல்லாம் சீறியது. குறைத்தேன். மறுபடியும் மழுங்கியது. மத்தியானம் பூராவும் இதிலேயே போயிற்று.

படியில் விழுந்தால் கையில்தானே அடிபடும்? உதட்டிலும் படலாம். முகம் குப்புற விழுந்தால் படும்.

ஜூலை 18, வியாழன்

இதை எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதாவிட்டால் நாளைக்கு நானே எனக்கு இல்லை என்று சொல்லிவிடுவேன். என் புத்தி எனக்குத் தெரியும்.

ஐந்தாவது பாட்டில் நாய்ஸ் கேட் போட்டிருந்தேன். ஒரு அளவுக்குக் கீழே போகிற சத்தத்தைத் தானாகவே அடைத்துவிடும். இவள் குரலே கீழே கிடப்பதால் சொல்லின் வாலை எல்லாம் அது கடித்துத் தின்றது. எரிச்சலாகி அதைக் கழற்றினேன். வெட்டிய துண்டுகளையும் திரும்ப ஒட்டினேன். குரல் முன்னால் வர வேண்டும் என்று கம்ப்ரஸரை நன்றாக அமுக்கினேன். உரக்க இருப்பதை அது தாழ்த்தும், அப்புறம் மொத்தத்தையும் தூக்கினால் அடியில் கிடப்பதெல்லாம் மேலே வரும். சத்தம் கூடுவது இப்படித்தான். ஹெட்போனில் கேட்டுக்கொண்டே இருந்தேன். பாட்டு முடிந்தது. நிறுத்தவில்லை, காபி டம்ளரை எடுக்கக் கையை நீட்டியிருந்தேன்.

பாட்டு முடிந்தபின் முதலில் ஒரு மூச்சு. சேலை உரசுகிற சத்தம். கதவுக்கு வெளியே ஒரு கிழவி இருமினாள். அப்புறம் மைக்குக்கு ரொம்பப் பக்கத்தில், நாக்கை மட்டும் அசைத்துப் பேசுகிற குரல்.

"அண்ணே. நீங்க வரல. எதிரொலி வச்சியள, கேட்டேன். சனிக்கிழம மூணு மணிக்கு கொல்லக் கதவுகிட்ட நின்னேன். நாலு மணி வரைக்கும் நின்னேன். அத்தை பாத்துட்டாவ. ஏண்ணே வரல?"

டம்ளர் கீழே விழுந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எந்த எதிரொலி, எந்தக் கதவு? பழைய பென் டிரைவைத் தேடி எடுத்தேன். நான் வெட்டியது கணினியில்தான், மூலம் அப்படியே இருந்தது. முதல் பாட்டின் வாலைத் தூக்கினேன். தூக்கத் தூக்க வந்தது.

முதல் பாட்டில் தன் பெயர் சொல்கிறாள். கொசு பறந்தாலும் கேட்குமென்று நான் சொன்னதால் பேசுகிறாளாம். அவர் கடைக்குப் போகும்போது அறையை வெளியே பூட்டிவிட்டுப் போகிறார், பதிவுக் கருவியின் சிவப்பு விளக்கு எரிந்தால் பாடுகிறாள் என்று மாமியார் கதவைத் திறக்க மாட்டாள், அந்த நேரம் மட்டும்தான் தனக்கு இருக்கிறது. இரண்டாவதில் கோவில்பட்டியில் இருக்கிற தன் அண்ணன் காளிராஜின் நம்பரை மூன்று முறை சொல்கிறாள். மூன்றாவதில் பேச்சே இல்லை, அழுகைதான். நாலாவதை அப்படியே எழுதுகிறேன்.

"இத கேட்டியன்னா எங்க அண்ணன்ட்ட சொல்லுங்க. கேட்டது எனக்குத் தெரியணும். மூணாவது பாட்டுல கடைசி வரிக்கு மட்டும் எதிரொலி வையுங்க. அவரு வீட்ல போட்டுக் கேப்பாரு, எனக்குத் தெரிஞ்சிரும். வார சனிக்கிழமைக்கு மறு சனிக்கிழமை அவரு கோயில் கூட்டத்துக்குப் போவாரு. துணி வெளுக்க ஆள் வரும், கொல்லக் கதவு தெறந்திருக்கும். மூணு மணிக்கு நிப்பேன்."

யாரும் சொல்லிச் செய்யவில்லை என்று ஆறாம் தேதி எழுதியிருக்கிறேன். கையில் வருகிற வித்தை என்றும் எழுதியிருக்கிறேன்.

பதிமூன்றாம் தேதி நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 19, வெள்ளி

உலகம்மாளிடம் சொல்லவில்லை. அடுத்தவன் குடும்பத்துக்குள் நாம் எப்படித் தலையிடுவது, அவருக்கு ஊரில் பெரிய செல்வாக்கு, நாளைக்குப் புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றாகிவிட்டால் நான்தான் நடுவில் நிற்பேன் என்று எனக்கு நானே பத்துக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். பத்தும் நல்ல காரணங்கள்தான்.

பதினோரு மணிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் சங்கரபாண்டியன் வந்து நின்றார். செருப்பைக் கீழே விட்டுவிட்டு வருகிற ஆள், படியேறுகிற சத்தமே கேட்கவில்லை. நான் திரும்பியபோது என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். திரையில் ஐந்தாவது பாட்டு வாலோடு விரிந்து கிடந்தது.

கேட்போம் என்றார். போட்டேன். இன்னும் சத்தம் என்றார். கூட்டினேன். பாட்டு ஓடுகிற நாலு நிமிடமும் என் விரல் நிறுத்துகிற பொத்தான் மேலேயே இருந்தது. கடைசி வரியின் கடைசி எழுத்து முடியும் முன்னால் அமுக்கிவிட்டேன். ஏன் வெடுக்கென்று நிறுத்திவிட்டீர்கள் என்று கேட்டார். மிச்சம் வெறும் அமைதிதான் என்றேன். சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவள் குரலை மட்டும் தனியாகப் போடச் சொன்னார்.

போட்டேன். வேறென்ன செய்ய முடியும்? வாத்தியம் எதுவும் இல்லாமல் அந்தக் குரல் அறைக்குள் நின்றது. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் அவள் மூச்சை இழுக்கும்போது விலாவில் வலி பிடித்தது போல் ஒரு விக்கல் வரும். அது வந்ததும் அவர் கையை உயர்த்தினார்.

"அந்த மூச்ச எடுத்துருங்க அண்ணாச்சி. மூச்சு கேக்கக் கூடாது."

எடுத்துவிடுகிறேன் என்றேன். அவர் கண் முன்னாலேயே வெட்டினேன். நல்லது என்று தோளில் தட்டிவிட்டு, முழு ஆல்பத்தையும் உட்கார்ந்து கேட்கத் திங்கட்கிழமை வருவதாகச் சொல்லிப் போனார். தோளில் அவர் கை பட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

ஜூலை 20, சனி

உலகம்மாளிடம் சொல்லிவிட்டேன். நானாகச் சொல்லவில்லை. இரண்டு நாளாகச் சோறு இறங்காததைப் பார்த்துவிட்டு அவள் உட்காரவைத்துக் கேட்டாள். ஹெட்போனை அவள் தலையில் மாட்டிவிட்டேன். எல்லாவற்றையும் கேட்டாள். இடையில் ஒரு முறைகூட என்னைப் பார்க்கவில்லை.

கழற்றிவைத்துவிட்டு, "மூணாம் தேதி வெட்டும்போது ஒண்ணுமே கேக்கலயா?" என்றாள்.

டிவி சத்தம் என்று நினைத்தேன் என்றேன். இருபத்திரண்டு வருஷம் கூட இருந்தவளிடம் பொய்யும் ஒழுங்காக வரமாட்டேன் என்கிறது. கேட்டது என்று சொன்னேன். 'அண்ணே' என்று கூப்பிட்டது வரைக்கும் தெளிவாகவே கேட்டது. அதற்கு மேல் கேட்டால் வில்லங்கம் என்று தோன்றியது. வெட்டிவிட்டேன்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் ஒலிப்பதிவிலிருந்து அந்த நம்பரைக் குறித்துக்கொண்டு காளிராஜுக்குப் போன் போட்டாள். தங்கை தன்னோடு பேசப் பிடிக்காமல் இருக்கிறாள் என்று மாப்பிள்ளை சொன்னதை நம்பி, அவர் ஒரு வருஷமாக அந்தப் பக்கமே போகவில்லையாம். ஒலிப்பதிவைக் கேட்டதும் அந்த மனிதர் போனிலேயே உடைந்துவிட்டார். அப்புறம் உலகம்மாள் பெண்கள் உதவி எண் 181-க்குப் பேசினாள். அங்கன்வாடியில் இந்த நம்பரைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறார்களாம், பத்து வருஷமாக அந்தச் சுவரைப் பார்த்திருக்கிறேன், எனக்குத் தெரியாது.

இன்றைக்கே போய்விடலாம் என்றார் காளிராஜ். சங்கரபாண்டியன் வீட்டில் இருக்கிறபோது போனால் அவளை எங்கே கொண்டுபோய் மறைப்பான் என்று தெரியாது என்றாள் உலகம்மாள். போன சனிக்கிழமைக்குப் பிறகு அவர் வீட்டைவிட்டு அதிகம் நகர்வதில்லை என்று கடைசிப் பாட்டின் வாலில் மாரிச்செல்வியே சொல்லியிருந்தாள். நகர்கிற இடம் ஒன்றுதான் எங்களுக்குத் தெரியும். அது என் மாடி.

திங்கட்கிழமை அவர்கள் அங்கே போவார்கள். நான் இங்கே அவரைப் பிடித்துவைக்க வேண்டும். என்னால் முடியாது என்றேன். "எட்டுப் பாட்டு இருக்கு. உங்களுக்குத் தெரிஞ்ச வேலதான, அதப் பாருங்க" என்றாள்.

ஜூலை 21, ஞாயிறு

எட்டுப் பாட்டின் வாலையும் வேறொரு பென் டிரைவில் ஏற்றி உலகம்மாளிடம் கொடுத்தேன். கணினியில் சுத்தமான பாட்டு மட்டும் இருக்கிறது.

ஜூலை 22, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

பத்தரைக்கு வந்தார். பக்கத்து ஸ்டூலில் செல்போனை வைத்துவிட்டு, என் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் வீட்டிலிருந்து ஒரு தெருத் தள்ளி, ஒரு காரில் உலகம்மாளும் காளிராஜும் காத்திருந்தார்கள். மகளிர் உதவி மையத்துப் பெண்கள் இரண்டு பேர், ஒரு பெண் போலீஸ் கூட இருந்தார்கள். அவர் வந்து உட்கார்ந்துவிட்டார் என்று நான் ஒரு மெசேஜ் அனுப்ப வேண்டும். வேலை முடிந்ததும் 'மாவு அரைச்சாச்சு' என்று உலகம்மாளிடமிருந்து வரும். அனுப்பினேன்.

முதல் பாட்டைப் போட்டேன். நன்றாக இருக்கிறது, அடுத்தது என்றார். இந்த வேகத்தில் போனால் முப்பத்தைந்து நிமிடத்தில் எட்டும் முடிந்துவிடும், அவர் எழுந்து போய்விடுவார். இல்லை, நீங்கள் கவனிக்கவில்லை என்று ஆரம்பித்தேன். வாழ்க்கையில் எந்த வாடிக்கையாளரிடமும் இப்படிப் பேசியதில்லை. இந்தப் பாட்டில் "சூலி" என்ற சொல் தெளிகிறதா பாருங்கள் என்றேன். மூன்று விதமாகப் போட்டுக் காட்டினேன், மூன்றும் ஒன்றுதான், நான் எதையும் மாற்றவில்லை. இரண்டாவதுதான் தெளிவு என்றார். ஆமாம், உங்களுக்கு நல்ல காது என்றேன். அந்தப் புகழ்ச்சியில் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அப்புறம் ஆழத்துக்குப் போனோம். உடுக்கை எங்கே நிற்க வேண்டும், அம்மனுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டேன். அதற்கு அவர் கால்மணி நேரம் விளக்கம் சொன்னார். உடுக்கையை இடத்துக்கு இடம் மாற்றினேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஏசி ஓடுகிறது, ஏன் இப்படி வியர்க்கிறது என்று கேட்டார். சர்க்கரை என்றேன். எனக்குச் சர்க்கரை கிடையாது.

பதினொன்றே முக்காலுக்கு ஆறாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது ஸ்டூலில் இருந்த போன் வெளிச்சமானது. 'அம்மா' என்று பெயர் வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். போன் மணியடிக்க ஆரம்பித்தது. அது ஒரு சின்ன மணி.

நான் வால்யூமைக் கூட்டினேன்.

என் அறையில் இந்த ஸ்பீக்கரைப் பாதிக்கு மேல் திருகியதே கிடையாது. காதுதான் என் சோறு, அதைப் பொத்திப் பொத்தி வைத்தே இருபது வருஷம் ஓட்டியிருக்கிறேன். முக்காலுக்குத் திருகினேன். அவர் கண்ணைத் திறக்காமலே தலையை ஆட்டினார். "இது சத்தம்" என்று வாயசைவில் தெரிந்தது. மணி நின்று மறுபடியும் வெளிச்சம் வந்தது. முழுசாகத் திருகினேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, நெஞ்சுக்குள் தவில் அடித்தது. பாட்டு முடிகிற இடத்தில் இடைவெளி விழக்கூடாது என்று அடுத்த பாட்டை மேலேயே ஏற்றி ஒட்டினேன். அவள் குரல்தான் எங்கள் இரண்டு பேர் தலைக்கு மேலும் ஓடியது. அவளைக் கொண்டுபோகிறார்கள் என்று சொல்ல ஒரு கிழவி பதினான்கு முறை கூப்பிட்டாள். பதினான்கையும் நான் எண்ணினேன்.

என் போனில் உலகம்மாளின் மெசேஜ் வந்தபோது எட்டாவது பாட்டு பாதியில் இருந்தது. என்னால் நிறுத்த முடியவில்லை. பாட்டு தானாக முடிந்தது.

அறை ஓய்ந்ததும் அவர் கண்ணைத் திறந்தார். முகம் அப்படி மலர்ந்திருந்தது. எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்புறம்தான் போனை எடுத்தார். தாயாருக்குக் கூப்பிட்டார். கேட்டுக்கொண்டே நின்றார். எனக்குக் காதில் கூ என்ற இரைச்சலைத் தவிர எதுவும் விழவில்லை. போனை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். அவர் உதடு அசைந்தது. இரண்டாவது முறை சொன்னபோதுதான் புரிந்தது.

"கொசு பறந்தாலும் கேக்கும்னியள அண்ணாச்சி."

அவ்வளவுதான். கத்தவில்லை, கை ஓங்கவில்லை. கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் படியிறங்கிப் போனார். நான் கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். வேட்டி நனைந்திருந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும்.

ஜூலை 23, செவ்வாய்

இடது காதில் இரைச்சல் நிற்கவில்லை. மாரிச்செல்வி மருத்துவமனையில் இருக்கிறாள். விலாவில் இரண்டு இடத்தில் முறிவு. போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டாளாம்.

மாடிக் கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போட்டேன். உலகம்மாள் அங்கன்வாடிக்குப் போகக் கூடாது என்றேன். இருபது குழந்தைக்கு யார் சோறு போடுவது என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அவள் திரும்பி வருகிற வரை ஜன்னலில் நின்றேன்.

ஜூலை 25, வியாழன்

எதிர்ச் சந்தில் ஒரு பைக் நின்றது. யாரோ தெரியவில்லை. அரை மணி நேரம் கழித்துப் போய்விட்டது. அவரைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டதாகக் காளிராஜ் சொன்னார். அப்படியும் படியில் யார் ஏறினாலும் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று பார்க்கிறேன். கேட்டால் நிம்மதியாக இருக்கிறது.

ஜூலை 27, சனி

மத்தியானம் போன் வந்தது. வலது காதில் வைத்தேன். குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. ஒரு மாதமாக அந்தக் குரலோடு கிடந்தவன் நான். இப்போது 'ம' கொஞ்சம் ஒட்டுகிறது.

கோவில்பட்டியில் அண்ணன் வீட்டில் இருக்கிறாளாம். நன்றாகச் சாப்பிடுகிறாளாம். நன்றி சொன்னாள். நான் நெளிந்தேன். அப்புறம் சொன்னாள், "அந்தச் சனிக்கிழம நீங்க வராததுக்கு நான் வருத்தப்படல அண்ணே. பயந்திருப்பிய. எதிரொலி வச்சியள, அதுவே பெருசு. யாரோ ஒருத்தரு கேட்டுட்டாருன்னு ஒரு வாரம் எம்புட்டு தெம்பா இருந்தேன் தெரியுமா. அந்த வாரந்தான் நான் நல்லாத் தூங்குனேன்."

அப்படியே விட்டிருக்கலாம். ஆமாம்மா, பயந்துட்டேன் என்றால் முடிந்தது. அவளுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. அடுக்களை வாசலில் உலகம்மாள் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவளுக்காகச் சொல்லவில்லை.

"இல்லம்மா" என்றேன். "அது பாட்டுக்காக வச்சது. நீ பேசுனத அப்ப நான் கேக்கல. உன் கொரல் வந்துச்சு. கேக்காம வெட்டிட்டேன்."

அந்தப் பக்கம் சத்தமில்லை. போனை வைத்துவிட்டாளோ என்று பார்த்தேன். இல்லை, மூச்சு வந்துகொண்டிருந்தது.

"அப்பம் அந்த ஒரு வாரம் எனக்கு யாருமே இல்லையாண்ணே?"

யாருமில்லம்மா என்றேன். அவள் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அவள் அழுது முடிக்கிற வரை போனைக் காதிலிருந்து எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.